வெட்டாத ஏழு நிமிடம்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் கத்திரி என்று சொன்னால் வாசல் காவலாளி முதல் செய்தி வாசிக்கிற பெண் வரை எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருஷமாகப் படம் வெட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ‘பகல் பேய்’ என்று ஒரு நிகழ்ச்சி. உலகத்தில் எங்கெங்கோ எடுத்த பேய்ப் படங்களை வாங்கி, அடியில் தமிழ் வசனம் ஓட்டி, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வெட்டிப் போடுவார்கள். அறுந்த தலை, அழுகிய கை, நெளிகிற புழு, எதுவானாலும் முகம் சுளிக்காமல் நறுக்கித் தள்ளிவிட்டு, அதே மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். “மனுஷனுக்கு நெஞ்சு இரும்புய்யா” என்று பக்கத்து அறை ஒலிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உண்மை வேறு. கத்திரி எதையும் பார்ப்பதே இல்லை.

அவருக்கு ஒரு வழி இருந்தது. வெட்டுகிற திரையில் மேலே படம் ஓடும், கீழே சத்தம் ஒரு பச்சைக் கோடாக ஓடும். மெதுவாகப் பேசினால் சின்ன அலை, கத்தினால் பெரிய அலை. பேய்ப் படம் எடுக்கிறவன் எவனும் சொல்லாமல் அடிப்பதில்லை. பிணம் எழுந்திருப்பதற்கு முன்னால் வயலின் கீச்சிடும், மேளம் இடிக்கும், கோடு மலை மாதிரி எழும்பும். மலை தொடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு, அடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு. நடுவில் என்ன இருந்தால் என்ன? படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒதுக்கிவிட்டுக் கோட்டைப் பார்த்தே வெட்டுவார். பதினோரு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடியது. ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு ஜப்பானியப் படம் வந்தது. ரொம்பப் பழைய படம். எடுத்த டைரக்டர் பெயரை அங்கே யாருமே கேள்விப்பட்டதில்லை. பத்துப் படங்களைக் கட்டாக வாங்கியபோது கொசுறாக வந்தது. கதை சின்னதுதான். ஆற்றங்கரையில் துணிக்குச் சாயம் போடுகிற ஒருவனும் அவன் மனைவியும். ஒரு நாள் வெள்ளத்தில் துணி அலசப் போனவளை ஆறு கொண்டுபோய்விடுகிறது. சில நாள் கழித்துப் பலகையில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். சாயக்காரன் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, “எடுத்துட்டுப் போங்க” என்கிறான். அன்றிலிருந்து அவன் வீட்டில் ஈரம் காய்வதில்லை. சுவரில் பாசி ஏறுகிறது.

கத்திரி மளமளவென்று வெட்டிக்கொண்டு வந்தார். பாதிப் படத்துக்கு மேல் பச்சைக் கோடு அப்படியே படுத்துவிட்டது. இசை இல்லை, பேச்சு இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும் கடுகு கடுகாகக் கோட்டில் தெரிந்தது. ஏழு நிமிஷம். ‘தூங்கிட்டான் போல டைரக்டர்’ என்று நினைத்துக்கொண்டு, எங்கே சுருக்கலாம் என்று பார்க்க, மூலையில் கிடந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

சாயக்காரன் வீட்டின் நீளமான இருட்டு நடை. கேமரா தரையில் உட்கார்ந்திருக்கிற மனிதனின் கண் உயரத்தில் அசையாமல் இருந்தது. நடையின் கடைசியில் நீலத் துணிகள் தொங்கின. அவற்றில் ஒன்று துணி இல்லை என்பது அவருக்குத் தெரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆறு கொண்டுபோன மனைவி அங்கே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்க மடிக்கச் சட்டைக் கைகளிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சாயக்காரன் விளக்கை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு அவள் பக்கத்தில் போனான். அந்தக் காட்சி முழுவதற்கும் இருந்த ஒரே வசனம் அடியில் வந்தது.

‘இந்தப் பக்கம் திரும்பு. அன்னிக்கு நான் சரியா பாக்கலை.’

அவள் திரும்பினாள்.

ஒரு கன்னம் ஊறிய காகிதம் போல எலும்பை விட்டு எழும்பியிருந்தது. ஒரு கண் சிப்பியின் உள்பக்கம் மாதிரி வெளுத்திருந்தது. கழுத்தெலும்பின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைக் காளான்கள், குடை பிடித்துக்கொண்டு நிற்பதைப் போல. அவள் பாயவில்லை, கத்தவில்லை. பார்க்கிறவன் பார்த்து முடிக்கட்டும் என்று பொறுமையாக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சம் அந்த ஈரக் கன்னத்தில் பட்டு உள்ளேயிருந்து ஒளி வருகிற மாதிரி மின்னியது.

கத்திரி எழுந்து ஓடிப்போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தார். நியாயமாகப் பார்த்தால் திரும்பி வந்ததும் அந்த ஏழு நிமிஷத்தை வெட்டி எறிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

காரணம் அவருடைய தங்கை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே போல ஒரு மழைக்காலத்தில், அவள் போன பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. நான்காம் நாள் வெகு தூரத்தில் நாணல் புதருக்குள் கிடந்தாள். அடையாளம் காட்ட அண்ணனையும் புருஷனையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிணவறைக் கதவு வரைக்கும் கத்திரி போனார். கதவு திறந்தது. வாசனை வந்தது. மேஜையின் ஓரத்தில் கறுப்பாகத் தொங்கிய ஈர முடி தெரிந்தது. “என்னால முடியாது, நீங்க பாத்துடுங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். தங்கை புருஷன் மட்டும் உள்ளே போனார். பிறகு பெட்டியை மூடியே அடக்கம் செய்தார்கள். “பாக்காம இருந்ததே நல்லதுப்பா, பழைய முகமே மனசுல நிக்கட்டும்” என்று பெரியவர்கள் முதுகைத் தட்டினார்கள்.

பழைய முகம் நிற்கவில்லை. அதுதான் கொடுமை. தங்கையை நினைத்தால் முதுகுதான் வரும். தொங்குகிற ஈர முடிதான் வரும். பார்க்காத முகத்தை மனசு தன் இஷ்டத்துக்கு வரைந்து வரைந்து, ஒவ்வொரு வருஷமும் முன்னதைவிடக் கோரமாக்கி வைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு இருட்டுகூட வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலில் ஈரத் தலையோடு யாராவது முன்னால் நடந்தால் போதும்.

அந்த வாரம் முழுக்க அவர் அந்த ஏழு நிமிஷத்தைத் தாண்டவில்லை. காலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுவார். முதல் நாள் நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது. இரண்டாம் நாள் பயத்துக்கு நடுவில் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. என்ன இருந்தாலும் பதினாறு வருஷப் படக்காரர் அல்லவா? தொங்கும் ஆறு துணிகளின் நீலம் ஒவ்வொன்றும் ஒரு நீலமாக இருந்தது. அவள் தோலின் நீலம் எந்தத் துணியிலும் இல்லாத ஏழாவது நீலம். ஒவ்வொரு சொட்டும் அவள் ஒரு மடிப்பை முடிக்கும்போது விழுந்தது. மூன்றாம் நாள் படத்தை நிறுத்தி அந்தக் காளான்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு குடைக்கும் அடியில் மயிரிழை போன்ற மடிப்புகள். யாரோ ஒருவர் ஊசியை வைத்துக்கொண்டு, ஒரு நடிகையின் கழுத்தருகில் மணிக்கணக்காகக் குனிந்து, இந்த அழுகலைப் பாசத்தோடு செய்திருக்கிறார். கத்திரி வெட்டி எறிந்த நூறு படங்களில் பிணம் என்பது பார்க்கிறவனை அடிக்க எடுத்த கம்பு. இங்கே ‘பயந்தாயா, பயந்தாயா’ என்ற பீற்றலே இல்லை. ஒரு பெண் ஆற்றில் கிடந்தால் எப்படி ஆவாளோ அப்படி ஆகியிருக்கிறாள். அப்படி ஆனதையும் அவள்தான் என்றே மதித்து எடுத்திருக்கிறான் டைரக்டர். அருவருப்பும் அழகும் ஒரே தோலில் இருந்தன. ஒன்றை விட்டு ஒன்றைப் பிய்க்க முடியவில்லை.

ஆனால் அறையை விட்டு வெளியே வந்தால் அவளும் கூடவே வந்தாள். ஒரு நாள் காலையில் வீட்டு நடையில் ஈரக் கால் தடங்கள் போவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்னங்க, தரையையே முறைச்சுட்டு நிக்கிறீங்க?” என்றாள் மனைவி, தலையில் துண்டோடு.

“ஈரமா இருக்கு.”

“குளிச்சுட்டு வந்தா ஈரமா இல்லாம புழுதியாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் அந்தத் தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்.

மறுநாள் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். முடியின் நுனியிலிருந்து சீட்டின் கம்பியில் ஒரு சொட்டு இறங்கியது. யாரோ கூப்பிட, அவள் பின்பக்கம் முகத்தைத் திருப்பப் போனாள். கத்திரி இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அடித்துப் பிடித்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே நிகழ்ச்சித் தலைவி காத்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி, வெடுக்கென்று பேசுகிறவர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

“என்ன கத்திரி, ஒரு வாரமா ஒரு படத்தையே அடைகாக்குறீங்களாமே? குஞ்சு பொரிச்சுதா?”

“ஒரு இடம் இருக்கு மேடம். ஏழு நிமிஷம். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.”

அவர் நின்றுகொண்டே பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது நிமிஷம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காட்சி முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

“நல்லா எடுத்திருக்கான் பாவி” என்றார் கடைசியில். “ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜனங்க வாயில சோத்தோட உக்காந்திருப்பாங்க. வெட்டிடுங்க.”

“வெட்டினா படமே இல்ல மேடம். இதுக்காகத்தான் படம் எடுத்திருக்கான்.”

“அப்ப என்ன பண்ணலாம்ங்கிறீங்க?”

“வேணும்னா படத்தையே போடாதீங்க. முழுசா திருப்பி அனுப்பிடுங்க. இந்த இடத்துல என்னால கை வைக்க முடியாது.”

பதினாறு வருஷத்தில் அவர் ‘முடியாது’ என்று சொல்லிக் கேட்டதில்லை என்பதாலோ என்னவோ, தலைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். “சனிக்கிழமை வரைக்கும் நேரம் எடுத்துக்குங்க. அப்புறம் ஒரு முடிவு சொல்லுங்க” என்று எழுந்து போனார்.

கத்திரி அன்று மதியமே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை புருஷன் வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை சோபா தைக்கிறவர். வீட்டின் முன் அறைதான் பட்டறை. ரெக்ஸின் சுருள்கள், பஞ்சு மூட்டை, எலும்புக்கூடு மாதிரி மரச் சட்டங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். சொந்தக்காரர் விசேஷங்களில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், “நல்லா இருக்கீங்களா?” “இருக்கேன்” என்பதோடு சரி. பிணவறைக்குள் போய்ப் பார்த்தவரின் கண்ணை நிமிர்ந்து பார்க்க, பார்க்காமல் வந்தவருக்குத் துணிச்சல் இல்லை.

“வாங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை, வாயில் கவ்விய ஆணிகளுக்கு நடுவிலிருந்து. சட்டத்தில் ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. கத்திரி எதிரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் உதவவில்லை.

“மாப்பிள்ளை, அன்னிக்கு நீங்க உள்ள போனீங்களே. அவ எப்படி இருந்தா?”

சுத்தியல் நின்றது. மாப்பிள்ளை வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஐந்து ஆணி.

“நிஜமாவே கேக்குறீங்களா?”

“கேக்கணும்னுதான் வந்தேன்.”

“பதினோரு வருஷத்துல யாரும் கேக்கலை” என்றார் மாப்பிள்ளை. “அழுதியா, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. என்ன பாத்தேன்னு ஒருத்தரும் கேக்கலை.”

பிறகு சொன்னார். வேலை விவரம் சொல்கிறவர் மாதிரி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

“மொதல்ல அவ இல்லைன்னுதான் நெனச்சேன். மூஞ்சி பெருசா இருந்தது. சின்னப் பிள்ளைங்க கன்னத்தை ஊதி வெச்சுக்குமே, அந்த மாதிரி. நெறம் பச்சையும் சாம்பலும் கலந்தாப்ல. கீழ் உதட்டுல ஒரு பக்கம் இல்ல. மீன் கடிச்சிருக்கும்னு அங்க இருந்த ஆள் சொன்னான். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குமே அவளுக்கு, அது தெரிஞ்சுது. அதை வெச்சுத்தான் ஆமான்னு சொன்னேன்.”

கத்திரி முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கையைப் புடிச்சேன். தோல் கையுறை மாதிரி நழுவுச்சு. பதறிப்போய் விட்டுட்டேன். அப்புறம் என் கையை அடியில குடுத்து, மெதுவா ஏந்திக்கிட்டேன். முடியில நாணல் பூ சிக்கியிருந்தது, வெள்ளை வெள்ளையா. அப்புறம்...” மாப்பிள்ளை நிறுத்தினார். உள்ளங்கையிலிருந்த ஆணிகளை உருட்டினார். “காது மடல்ல ஒரு நத்தை. கடுகளவுதான். தோடு போடுற எடத்துல ஒட்டிக்கிட்டு இருந்தது. உசுரோட இருந்தது மச்சான். கொம்பை நீட்டி நீட்டிப் பாத்துது. அந்த ஆள் எடுத்துப்போட வந்தான். இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியலை. அழகா இருந்தது. அத்தனைக்கும் நடுவுல அது அவ்வளவு அழகா இருந்தது. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? பொண்டாட்டி செத்துக் கெடக்கா, இவன் நத்தை அழகா இருந்ததுங்கிறான்னா செருப்பால அடிக்க மாட்டாங்க?”

உள்ளே போகும் வாசலில் மாப்பிள்ளையின் இரண்டாவது மனைவி இரண்டு டம்ளரோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. டம்ளர்களைப் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“திடீர் திடீர்னு கையை இப்படி ஏந்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு” என்றாள் கத்திரியிடம், தன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டி. “என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. அந்த அக்கா கையா அது?” அவள் புருஷன் பக்கம் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“அன்னிக்கு உங்களைத் தனியா அனுப்பிட்டு நான் பெஞ்சுல உக்காந்துட்டேன் மாப்பிள்ளை” என்றார் கத்திரி.

பரவாயில்லை என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆமா, தனியாத்தான் போனேன்” என்றார். “கோவம் இருந்தது. ரொம்ப வருஷம் இருந்தது.”

தெருவில் மழை வலுத்தது. கத்திரி முக்காலியில் குனிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நடுவில் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மாப்பிள்ளை சொன்ன முகம் கண்ணுக்கு முன்னால் தெளிவாக நின்றது. ஊதிய கன்னம், இல்லாத உதடு, பல் சந்து, நாணல் பூ. கோரம்தான். ஆனால் பதினோரு வருஷமாக அவர் மனசு வரைந்து வைத்திருந்தவற்றோடு பார்த்தால் இது எவ்வளவோ சாது. இது அவள். அந்தப் பல் சந்து வழியாகச் சின்ன வயசில் அவள் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பாள்.

அழுது ஓய்ந்ததும் படத்தைப் பற்றிச் சொன்னார். பச்சைக் கோட்டு வித்தையையும் மறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளைக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்துவிட்டார். “அப்ப ஊரையே ஏமாத்தியிருக்கீங்க! நான் ஞாயித்துக்கிழமை பாக்கும்போதெல்லாம், மச்சானுக்கு என்ன தைரியம்டானு நெனப்பேன்.”

சனிக்கிழமை காலை கத்திரி தலைவியிடம் போய், வெட்டவில்லை என்று சொன்னார். தலைவி பெருமூச்சு விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு படம் போட்டார்கள், மண்டை ஓடு பறக்கிற படம். ஜப்பானியப் படத்தைத் திங்கட்கிழமை முழுசாகத் திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. அவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பைத் தலைவி படித்துப் பார்த்தார். ‘ஒளிபரப்புக்கு ஏற்றதல்ல’ என்ற வரிக்குக் கீழே, ‘ஆனால் இதை எடுத்தவரும் அந்தக் காளான்களைச் செய்தவரும் பெரிய கலைஞர்கள்’ என்று இருந்தது. “இதெல்லாம் குறிப்புல எழுதுவாங்களா?” என்றவர் அதை அடிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியமே, கத்திரி கூப்பிட்டிருந்தபடி, மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நகக் கண்ணில் மட்டும் பசை. கத்திரி அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஏழு நிமிஷத்தை ஓட்டினார்.

மாப்பிள்ளை முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து பார்த்தார். கண் இமைக்கவில்லை. அவள் திரும்பிய இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. கத்திரி திரையைப் பார்க்காமல் திரை வெளிச்சம் விழுந்த அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பயம் இல்லை. ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

“முடி தப்பு” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. “அத்தனை நாள் தண்ணியில கெடந்தா இப்படித் தலையோட படிஞ்சு ஒட்டியிருக்காது. மத்ததெல்லாம் சரி. யாரையோ இப்படிப் பாத்திருக்கான் மச்சான், இதை எடுத்தவன். பாக்காம இப்படி எடுக்க முடியாது.”

கத்திரி படத்தை நிறுத்தக் கையை நீட்டினார்.

“இருங்க, இருங்க. இந்தப் புருஷன் அப்புறம் என்ன ஆனான்?”

கத்திரி விழித்தார். அவருக்குத் தெரியாது. இத்தனை நாளில் அவர் அந்த இடத்தைத் தாண்டியதே இல்லை.

“பாத்தாத்தான் தெரியும் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு, ஒலிக்காரர் அறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.